மைதானத்தில் தலையில் அடி: பிள்ளைகளின் கன்கஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கபடி, கால்பந்து, கிரிக்கெட் ஆடும் 8 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரும் பி.டி. ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். விளையாட்டுத் தலைக்காயம் பற்றி 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர் மாநாடு வகுத்த முறையை ஒட்டியே பதில்கள் உள்ளன. இப்போதுதான் அடிபட்டிருக்கிறது என்றால் 4, 5 இரண்டையும் முதலில் படியுங்கள், மற்றவை அப்புறம்.

1. கன்கஷன்னா மூளையில ரத்தம் கட்டிக்கிறதுதானே?

இல்லை. ரத்தக்கட்டு வேறு, கன்கஷன் என்கிற மூளை அதிர்வு வேறு. தலை சட்டென்று குலுங்கினாலோ திருகினாலோ மூளையின் நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சீராக்க மூளை வழக்கத்தைவிட அதிகமாகக் குளுக்கோஸ் கேட்கும். ஆனால் அதே நாட்களில் அங்கே ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். இப்படித் தேவை கூடி வரத்து குறைவதால்தான் தலைவலி, மந்தம், வெளிச்சம் கூசுதல், சிடுசிடுப்பு எல்லாம் வருகின்றன.

2. தலையில அடியே படல சார், நெஞ்சுலதான் இடிச்சான். அதுக்கும் வருமா?

வரும். நெஞ்சிலோ முதுகிலோ வாங்கிய இடி கழுத்து வழியாகத் தலையை உதறினால் போதும். கபடியில் தொடைப்பிடிக்குப் பாய்ந்தவனின் நெற்றியில் ரெய்டரின் முழங்கால் மோதுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற அடி. டேஷ், அதாவது உடலால் இடித்துத் தள்ளும் தாக்கு, வாங்கிக் கோட்டுக்கு வெளியே மல்லாக்க விழுபவனுக்குத் தலை தரையில் படாமலே கன்கஷன் ஆகலாம். தலையில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

3. பையன் மயங்கவே இல்லை. எழுந்து நடந்துட்டான். அப்போ ஒண்ணும் இல்லதானே?

நினைவு தப்புவது பத்தில் ஒருவருக்குக்கூட நடப்பதில்லை. பெரும்பாலோர் எழுந்து நடப்பார்கள், சிலர் ஆட்டத்தையே முடித்துவிடுவார்கள். 2020 டிசம்பரில் கான்பெராவில் நடந்த டி20 போட்டியில் ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் தொடர்ந்து ஆடி இன்னிங்ஸை முடித்துவிட்டுத்தான் உடை மாற்றும் அறையில் தலைசுற்றுகிறது என்றார். அதன் பிறகே அவருக்குப் பதிலாகச் சஹல் இறங்கினார். அறிகுறி உடனேயும் வரலாம், சில மணி நேரம் கழித்தும் வரலாம், மறுநாள் காலையிலும் வரலாம்.

மயக்கத்தைவிட இவற்றைக் கவனியுங்கள்: விழுந்த இடத்திலேயே சில நொடி அசையாமல் கிடந்தான், எழும்போது தள்ளாடினான், வெறித்த பார்வை, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியாமல் எதிரணிப் பாதியில் நின்றான், கேட்டதையே மறுபடி கேட்கிறான். இதில் ஒன்று இருந்தாலும் ஆட்டத்திலிருந்து வெளியே.

4. எங்க மைதானத்துல டாக்டர் கிடையாது. பி.டி. மாஸ்டரா நான் முதல் அஞ்சு நிமிஷத்துல என்ன செய்யணும்?

ஆட்டத்தை நிறுத்துங்கள். கை கால் பிடித்துத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே போடுவதுதான் நம் ஊரில் வழக்கமாக நடக்கும் முதல் தவறு. முழு நினைவு இல்லை, அல்லது கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றால் கழுத்தெலும்பிலும் காயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் தலையை உடம்புக்கு நேராகப் பிடித்திருக்கட்டும். மூச்சுக்குத் தடை இல்லை என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். வாந்தி வந்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பும்படி மூன்று பேராக ஒருக்களிக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து, வாயில் துணி எதுவும் வேண்டாம். அதே ஒருக்களிப்பு போதும்.

நினைவு தெளிவாக இருக்கிறது, கழுத்து வலி இல்லை என்றால் ஓரத்தில் உட்கார வைத்து ஐந்து கேள்வி கேளுங்கள். இப்போ எந்த மைதானத்துல இருக்கோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியா பாயின்ட் எடுத்தது யாரு? போன மேட்ச் யாரோட ஆடினோம்? ஜெயிச்சோமா? ஒரு பதில் தப்பினாலும் சந்தேகம் உறுதி. ஐந்தும் சரி என்றாலும் தலைவலியோ தலைசுற்றலோ இருந்தால் அவன் உள்ளே போகக் கூடாது. ‘உன் பேரென்ன, இது எத்தனை விரல்’ என்பதெல்லாம் பயனில்லாத சோதனை. கன்கஷன் ஆனவனும் சரியாகச் சொல்லிவிடுவான்.

அதன் பிறகு அவனைத் தனியாக விடாதீர்கள். சைக்கிளில் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். டூவீலரில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவதும் வேண்டாம். வழியில் கண் செருகினால் பிடிக்க முடியாது. அடிபட்ட நேரத்தையும் விழுந்த விதத்தையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

5. எப்போ 108-ஐக் கூப்பிடணும்?

கீழே உள்ளவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும்:

- நினைவு தப்பியது, அல்லது நேரம் ஆக ஆகத் தூக்கம் அதிகமாகிறது
- வலிப்பு
- ஒரு தடவைக்கு மேல் வாந்தி
- தலைவலி தாங்க முடியவில்லை, அல்லது ஏறிக்கொண்டே போகிறது
- கழுத்து வலி, கை காலில் பலவீனம், மரத்துப்போதல், எரிச்சல்
- பொருள் இரண்டாகத் தெரிகிறது
- திடீர் மூர்க்கம், ஆளை அடையாளம் தெரியாத குழப்பம்
- மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது ரத்தம், கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கருநீலத் தழும்பு

இந்தப் பட்டியல் கன்கஷனுக்காக அல்ல. அதே அடியில் மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்பதற்காக. சில கசிவுகளில் பிள்ளை முதலில் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும், சில மணி நேரத்தில் சரிந்துவிடும். ‘இப்போ நல்லாத்தானே இருக்கான்’ என்று வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகக் கூடாது என்பது அதனால்தான். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

6. பத்து நிமிஷம் உட்கார வெச்சேன், சரியாயிடுச்சுங்கிறான். ஃபைனல் சார், இறக்கலாமா?

கூடாது. சந்தேகம் வந்த அன்று அவனுக்கு ஆட்டம் முடிந்தது. பத்து நிமிடத்தில் சரியானவனுக்கும், நீங்களே மருத்துவராக இருந்தாலும் இதுதான் விதி. கபடியில் ஐந்து மாற்று வீரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவரை அனுப்புங்கள்.

ஏற்கெனவே அதிர்ந்த மூளைக்கு அடுத்த அடி சிறியதாக இருந்தாலும் போதும். மூளை வேகமாக வீங்கிவிடலாம். அபூர்வம்தான், ஆனால் நடப்பது பெரும்பாலும் இளையோருக்கு, நடந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் 13 வயது சாக்கரி லைஸ்டெட் தலையில் அடிபட்டபின் அதே ஆட்டத்தில் மீண்டும் இறக்கப்பட்டான். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சரிந்தான். மூளை அழுத்தத்தைக் குறைக்க மண்டையோட்டின் இரு பக்கத்தையும் திறக்க வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தான், ஆனால் நீண்டகால ஊனத்தோடு. மருத்துவர் எழுத்தில் அனுமதி தராமல் பள்ளி வீரரை மறுபடி இறக்கக் கூடாது என்று 2009இல் அங்கே வந்த சட்டத்துக்கு அவன் பெயர்தான்.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் நஷ்டம் உண்டு. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அடிபட்டதும் வெளியே வந்த இளையோர் சராசரியாக 22 நாளில் தேறினார்கள். தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள் ஆனது. ஃபைனலில் மீதமுள்ள பத்து நிமிடத்துக்காக அடுத்த போட்டித்தொடரையே இழக்க நேரிடும்.

7. சி.டி. ஸ்கேன் நார்மல்னு வந்திருக்கு. அப்புறம் எதுக்கு ரெஸ்ட்?

சி.டி. காட்டுவது எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும். முதல் பதிலில் சொன்ன உப்பு, குளுக்கோஸ் கோளாறு அதில் தெரியாது, வழக்கமான எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாது. நார்மல் ஸ்கேனுக்கு ‘அறுவை சிகிச்சை தேவைப்படும் ஆபத்து இல்லை’ என்பதுதான் பொருள். கன்கஷன் இல்லை என்று அது சொல்லவில்லை.

8. எங்க டாக்டர் ஸ்கேனே வேண்டாங்கிறார். காசு போனாலும் எடுத்துடலாமா?

அவர் யோசித்துத்தான் சொல்கிறார். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நினைவு தெளிவு, மண்டை அடிப்பகுதி முறிவுக்கான அடையாளம் இல்லை, மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, கடும் தலைவலி இல்லை, வாகன விபத்து போன்ற பெரிய வேகம் இல்லை என்றால், ஆபத்தான மூளைக் காயம் இருக்க 2,000இல் ஒன்று என்ற வாய்ப்புக்கூடக் கிடையாது. சி.டி.யின் கதிர்வீச்சு வளரும் பிள்ளைக்குக் கூடுதல் சுமை. மயக்கம், வாந்தி, கடும் தலைவலி போன்றவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் மருத்துவமனையிலேயே சில மணி நேரம் வைத்துக் கவனிப்பதும் சரியான வழிதான். ஐந்தாம் பதிலில் உள்ளது எதாவது இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஸ்கேன் தேவையா என்று அங்கே முடிவு செய்வார்கள்.

9. ஸ்கேன்ல தெரியாதுன்னா டாக்டர் எப்படித்தான் கண்டுபிடிப்பார்?

கேட்டும், சோதித்தும். இதற்கென ஸ்காட்-6 (SCAT6) என்ற சோதனைத் தாள் இருக்கிறது: 13 வயது முதல் அது, 8 முதல் 12 வரை அதன் சிறுவர் வடிவம். ஸ்காட்-6இல் இருபத்திரண்டு அறிகுறிகளுக்குப் பூஜ்யம் முதல் 6 வரை மதிப்பெண். பத்துச் சொற்களைச் சொல்லி மூன்று முறை ஒப்பிக்கச் சொல்வார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பார். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல வேண்டும் (சிறுவர்களுக்குக் கிழமைகள்). பிறகு கண்ணை மூடி நிற்பது, 3 மீட்டர் கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடப்பது. முழுதாகச் செய்ய 10 முதல் 15 நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்தில் முடித்தால் அது இந்தச் சோதனை அல்ல. அடிபட்ட முதல் மூன்று நாட்களில்தான் இது நன்றாகப் பேசும்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்பட்டியலைக் கொடுத்துவிட்டு ‘ஞாபக சக்தி குறைவு’ என்று எழுதுவது அநியாயம். தமிழில் கேட்கச் சொல்லுங்கள்.

10. ராத்திரி தூங்க விடலாமா? மணிக்கு ஒரு தரம் எழுப்பணுமா?

மருத்துவர் பார்த்துவிட்டார், ஐந்தாம் பதிலில் உள்ளது எதுவும் இல்லை என்றால் தூங்கட்டும். தூக்கம்தான் மருந்து. தட்டித் தட்டி எழுப்பினால் மறுநாள் தலைவலி கூடுவதுதான் மிச்சம். அதே அறையில் ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள். மூச்சு சீராக இருக்கிறதா, புரண்டு படுக்கிறானா என்று இடையிடையே பார்த்தால் போதும்.

11. தலைவலிக்கு என்ன கொடுக்கலாம்? பாட்டி எண்ணெய் வெச்சு நீவி விடறேங்கிறாங்க.

பாராசிட்டமால் மட்டும். எடைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 40 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்குக்கு மேல் கூடாது. முதல் இரண்டு நாள் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வேண்டாம். உள்ளே கசிவு இருந்தால் அதைக் கூட்டக்கூடும். ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம். முதல் வாரத்துக்குப் பிறகும் தினமும் மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாளோடு நிறுத்துங்கள். மாத்திரை போட்டதால் வலி இல்லாத நாளை ‘தேறிய நாள்’ என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாட்டி நெற்றியில் மெதுவாக எண்ணெய் தடவட்டும். கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது, சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோய் உருவிவிடுவது இரண்டும் கூடவே கூடாது.

12. எத்தனை நாள் இருட்டு ரூம்ல படுக்க வைக்கணும்? போன் தரலாமா?

இருட்டறை வைத்தியம் பழைய கதை. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, அதுவும் படுக்கையிலேயே கிடக்கும் ஓய்வு அல்ல. வீட்டுக்குள் நடக்கலாம், குளிக்கலாம், சாப்பிட உட்காரலாம், பேசலாம். போன், டி.வி. இரண்டையும் அந்த இரண்டு நாள் முடிந்த மட்டும் குறையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தெருமுனை வரை நடை. அதற்கு மேலும் அடைத்து வைத்தால் தூக்கம் கெடும், மனம் சோரும், பிறகு எது அடியால் வந்தது, எது அடைப்பால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

13. பப்ளிக் எக்ஸாம் வருது. ஸ்கூலுக்கு எப்போ அனுப்பலாம்?

படிப்பு முதலில், விளையாட்டு பிறகு. வீட்டில் 5 முதல் 15 நிமிடம் வாசிப்பில் தொடங்குங்கள். அறிகுறி லேசாகக் கூடினால் பரவாயில்லை. பத்துக்கு எத்தனை என்று அவனையே கேளுங்கள். இரண்டு புள்ளிக்குள் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் அது தாங்கும் அளவு. அரை மணி நேரம் வாசிக்க முடிந்தால் அரை நாள் பள்ளி, அப்புறம் முழு நாள். பெரும்பாலோர் சில நாட்களிலிருந்து ஒரு வாரத்துக்குள் வகுப்பில் இருப்பார்கள்.

பள்ளிக்கு மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போது ‘ஓய்வு தேவை’ என்று பொதுவாக எழுத வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் படாத இடம், தலைவலித்தால் 15 நிமிடம் படுக்க அனுமதி, நாளுக்கு ஒரே தேர்வு, கூடுதல் நேரம், பி.டி. பீரியடில் ஓட்டம் இல்லை என்று வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். பள்ளியை அரை நாளாக்கிவிட்டு, காலை ஐந்தரை மணி டியூஷனையும் மாலை ஸ்பெஷல் கிளாஸையும் தொடர்வது பல வீடுகளில் நடக்கிறது. முதலில் நிறுத்த வேண்டியது அந்த இரண்டையும்தான்.

14. சரி, திரும்ப எப்போ விளையாடலாம்? ஒரு தேதி சொல்லுங்க.

தேதி கிடையாது, ஆறு படி உண்டு. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். முதல் படி, பன்னிரண்டாம் பதிலில் சொன்ன அன்றாட நடமாட்டம். இரண்டாவது, தலை குலுங்காத உடற்பயிற்சி: வேக நடை, நின்ற இடத்துச் சைக்கிள். முதலில் உச்ச நாடித்துடிப்பில் 55 சதவீதம் வரை, பிறகு 70 வரை. 220இல் வயதைக் கழித்தால் உச்சம். 15 வயதுப் பிள்ளைக்கு 205. அதில் 55 சதவீதம் நிமிடத்துக்கு 113, 70 சதவீதம் 143. கருவி வேண்டாம்: மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணுங்கள். 28 வந்தால் முதல் அளவு, 36 வந்தால் இரண்டாவது.

மூன்றாவது, தனி ஆளாக விளையாட்டு அசைவு. ரெய்டர் என்றால் எதிராளி இல்லாத மைதானத்தில் பாதவேலை, திரும்பல், பாடிக்கொண்டு ஓடி வருதல். கிரிக்கெட் என்றால் விக்கெட்டுக்கு இடையே ஓட்டம், எறிதல். தலையில் எதுவும் படும் வாய்ப்பே இருக்கக் கூடாது. இந்த மூன்று படிகளிலும் லேசான அறிகுறி இருந்தாலும் நடக்கலாம். இதற்கு மேல் போக அறிகுறி முற்றிலும் நின்றிருக்க வேண்டும், உழைத்தாலும் திரும்பக் கூடாது, மருத்துவர் அனுமதி வேண்டும்.

நான்காவது, மோதல் இல்லாத குழுப் பயிற்சி: பிடி போடாமல் செயின் நகர்வு, போனஸ் கோடு பயிற்சி. வலைக்குள் கார்க் பந்தை எதிர்கொள்வதும் இதற்கு முன் கூடாது. ஐந்தாவது, பிடி, டேஷ் எல்லாம் சேர்ந்த முழுப் பயிற்சி. ஆறாவது, போட்டி. கணக்குப் போட்டால் ஒரு வாரம் போலத் தெரியும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகிறது. மைதானத்தில் மருத்துவர் இல்லாத அடித்தள விளையாட்டுக்கென 2023இல் பிரிட்டன் வகுத்த வழிகாட்டி, 21 நாளுக்கு முன் போட்டியே இல்லை என்கிறது. நம் பள்ளி மைதானங்களுக்கும் அதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

15. அஞ்சாவது படியில தலைவலி திரும்பிடுச்சு. மறுபடி ஒண்ணாவதுலேருந்தா?

வேண்டாம். நான்கு முதல் ஆறு வரையிலான படிகளில் அறிகுறி வந்தால் மூன்றுக்கு இறங்குங்கள், அது முழுதாக நிற்கட்டும், பிறகு ஏறுங்கள். ஒன்று முதல் மூன்று வரையிலான படிகளில் அறிகுறி இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினால் அன்றைக்கு நிறுத்தி மறுநாள் அதே படி. முழுப் பயிற்சியில் புதிதாக இடிபட்டதால் வந்த தலைவலி என்றால் அது படிக் கணக்கு அல்ல, புது கன்கஷன். நான்காம் பதிலிலிருந்து தொடங்குங்கள்.

16. மாசம் ஒண்ணாச்சு, தலைசுத்தல் போகல. டாக்டர் ‘போகப் போகச் சரியாயிடும்’கிறார்.

நான்கு வாரத்துக்கு மேல் காத்திருப்பு மட்டும் சிகிச்சை ஆகாது. காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படுக்கையில் புரளும்போது மட்டும் அரை நிமிடம் உலகம் சுற்றுகிறது என்றால் உள்காதில் துகள் இடம் மாறியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பி அதைச் சரிசெய்வார், பல நேரம் ஒரே அமர்வில். படித்தால் எழுத்து இரட்டிக்கிறதா? பென்சில் முனையை மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். 5 சென்டிமீட்டருக்கு வெளியிலேயே இரண்டாகத் தெரிந்தால் கண்கள் குவிவதில் சிக்கல். பிடரியில் தொடங்கி நெற்றிக்கு ஏறும் வலி கழுத்துத் தசையால் வரும், பிசியோதெரபிக்குக் கேட்கும். ஒற்றைத் தலைவலி உள்ள குடும்பம் என்றால் அதற்கான மருந்து தேவைப்படலாம். தூக்கமின்மையும் மனச்சோர்வும் இதே அறிகுறிகளைப் போலவே வரும்.

இவற்றோடு அளந்த உடற்பயிற்சி. டிரெட்மில்லில் நாடி 150ஐத் தொடும்போது அறிகுறி ஏறுகிறது என்றால் அதன் 80 சதவீதமான 120இல், தினமும் 20 நிமிடம். 2019இல் வெளியான ஆய்வில் அடிபட்ட முதல் பத்து நாளுக்குள் இப்படித் தொடங்கிய 13 முதல் 18 வயதினர் 13 நாளில் தேறினார்கள். தசை நீட்டல் மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள்.

17. ஹெல்மெட் போட்டிருந்தானே, அப்புறம் எப்படி?

ஹெல்மெட் மண்டையோடு உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. அதற்காகப் போடாமல் விடாதீர்கள். பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். 2014இல் சிட்னியில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸ் இறந்ததைப் பலரும் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அது கன்கஷன் அல்ல. ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தில் பட்ட பந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்தது. கழுத்துக் காப்பு பரவலானது அதன் பிறகுதான்.

18. இது ரெண்டாவது தடவை. எத்தனை தடவை ஆனா விளையாட்டை விடணும்?

‘மூன்று ஆனால் போதும்’ என்ற கணக்குக்கு ஆதாரம் இல்லை. எண்ணிக்கையைவிடப் போக்கைப் பாருங்கள்: ஒவ்வொரு தடவையும் சிறிய இடிக்கே வருகிறதா, தேறும் காலம் நீள்கிறதா, இடைவெளி சுருங்குகிறதா? மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் நரம்பியல் மருத்துவரிடம் பேசும் வரை மோதல் உள்ள விளையாட்டு வேண்டாம். ஓட்டம், நீச்சல், பேட்மிண்டன் தொடரலாம்.

19. ஸ்போர்ட்ஸ் கோட்டா போயிடும்னு பையன் தலைவலியை மறைக்கிறான். எப்படித் தெரிஞ்சுக்கிறது?

‘தலைவலிக்குதா’ என்று கேட்டால் ‘இல்லை’தான் பதில். நடத்தையைப் பாருங்கள்: பஸ் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறானா, டியூப்லைட்டை அணைக்கிறானா, தங்கையிடம் எரிந்து விழுகிறானா, வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் அதிகம் தூங்குகிறானா? சக ஆட்டக்காரர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தேர்வாளரிடம் பேசுவதைப் பயிற்சியாளரே ஏற்றுக்கொண்டு, காயக் குறிப்போடு கடிதம் கொடுத்து வேறு நாள் கேட்டால் பையன் மறைக்கத் தேவை குறையும். ஆறாம் பதிலில் உள்ள 22, 44 கணக்கை அவனிடம் நேராகச் சொல்லுங்கள். ஆபத்து என்று மிரட்டினால் கேட்காத பிள்ளை, இரண்டு மடங்கு நாள் போகும் என்றால் கேட்கும்.

20. டாக்டர் ஓகே சொல்லிட்டார். ஆனா பிடி போடப் போகும்போது பையன் பின்வாங்குறான்.

அடிபட்டதற்குப் பிறகு இது சகஜம், ஆனால் கவனிக்காமல் விடக் கூடாது. தயங்கிப் பாய்பவன் தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடி, நேரம் தவறிப் போவான். மறுபடி முழங்காலில் நெற்றி மோதும் வாய்ப்பு அப்போது கூடுகிறது. அவனை ஐந்தாம் படியிலேயே வைத்திருங்கள். அரை வேகத்தில் வரும் ரெய்டரிடம் தலையை ரெய்டரின் உடலுக்கு வெளிப்பக்கம் வைத்துத் தோளால் பிடிக்கப் பழக்குங்கள், பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். இரண்டு வாரமாகியும் தயக்கம் போகவில்லை என்றால் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். பயம் என்று நாம் நினைப்பது சில நேரம் பதினாறாம் பதிலில் சொன்ன கண் குவியும் கோளாறாக இருக்கும்.